சிப்பி மணலில் மொரில் காளான்

அந்த அம்மையார் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். "முதலில் இதைப் பாருங்கள். காளான் அப்புறம்." மணலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துகள்.

ஏப்ரல் மாதம், குளிர் இன்னும் விடவில்லை. நெதர்லாந்தில் ஹார்லெம் நகருக்குத் தெற்கே, வடகடலை ஒட்டிய ஆம்ஸ்டர்டாம் குடிநீர் மணற்குன்றுகளில் நின்றுகொண்டிருந்தோம். 1853-இல் இங்கிருந்துதான் ஆம்ஸ்டர்டாமுக்கு முதன்முதலாகக் குழாயில் குடிநீர் போனது. ஒரு வாளி ஒரு சென்ட் என்று விற்றார்கள். இங்கே நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் பாதையை விட்டு இறங்கி, கால் போன போக்கில் நடக்கலாம். காளான் தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அம்மையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உடன் வந்த பெரியவர் தபால்காரராக இருந்தவர். 1908-இல் தொடங்கப்பட்ட டச்சுப் பூஞ்சையியல் கழகத்துக்காகச் சம்பளம் வாங்காமல் காளான் கணக்கெடுக்கிறார்கள். கூடையும் கத்தியும் இவர்களிடம் கிடையாது. இங்கே பறிக்கத் தடை. கழுத்தில் ஒரு லென்ஸ், கையில் குறிப்பேடு, சட்டைப்பையில் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். காளானைப் பிடுங்காமல் அதன் தொப்பியின் அடிப்பக்கத்தைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி.

நாங்கள் தேடி வந்த மொரில், சுண்ணாம்பு மண்ணை விரும்பும் காளான். வடக்கே பெர்கன் என்ற ஊரைத் தாண்டினால் மணலில் சுண்ணாம்பு குறைந்துவிடுகிறது. தெற்கே சிப்பித் துகளால் நிறைய இருக்கிறது. ஆனால் மழை ஆண்டுக்கணக்காக அதைக் கரைத்துக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். புது மணலை மேலே கொண்டுவருவது காற்றும் முயலும்தான். முயல் வளை தோண்டும்போது சிப்பி மணல் வெளியே வந்து விழுகிறது. 1950-களில் மிக்சோமடோசிஸ் நோயாலும், பின்னர் வேறொரு வைரஸாலும் முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காற்றிலிருந்து படியும் நைட்ரஜன் புல்லை வளர்த்துத் திறந்த மணலை மூடிவிட்டது. "முயல் வளை எங்கே இருக்கிறதோ, அங்கே என் கால் தானாகப் போகும்" என்றார் பெரியவர். ஒரு காளானைத் தேடி வந்து முயலின் வரலாற்றைத் தெரிந்துகொள்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மெய்டோர்ன் என்னும் முட்புதர்களுக்கு நடுவே பெரியவர் சட்டென்று தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். பழுத்து உதிர்ந்த இலையும் பழுப்புக் காளானும் மேலிருந்து பார்த்தால் ஒரே நிறம். கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் காளான் மட்டும் நிமிர்ந்து தெரியும். நானும் படுத்தேன். புதருக்குள் நைட்டிங்கேல் பாடிக்கொண்டிருந்தது. சருகுக்கு மேலே, தேன்கூட்டை எடுத்து நிறுத்தியதுபோல ஒரு மொரில். ஒன்றைக் கண்டதும் பக்கத்திலேயே இன்னொன்று, வேரோரத்தில் மூன்றாவது. கண் பழகிவிட்டது.

தேன்கூடு போன்ற அந்தத் தொப்பியின் குழிச் சுவர்களில்தான் வித்துகள் உருவாகின்றன. ஒரு நுண்பைக்கு எட்டு வித்து என்று அம்மையார் விளக்கினார். தொப்பி முதல் தண்டின் அடிவரை உள்ளே ஒரே வெற்றிடம். அருகிலேயே வழுவழுப்பான தொப்பியோடு வெர்பா என்ற உறவுக்காரக் காளானும் நின்றது. அதன் தொப்பி தண்டின் உச்சியில் மட்டும் ஒட்டியிருக்கும். இன்னும் சற்றுத் தள்ளிப் பழுப்பு நிறத்தில் கிண்ணம்போல் விரிந்த ஒன்று. முகர்ந்து பாருங்கள் என்றார், குளோரின் வாடை. கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் மூக்கைக் கேட்பார்களாம்.

சமைத்தால் அருமையான சுவை என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய காளான் இது. பச்சையாகத் தின்றால் நஞ்சு. 2023-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மொரில் பரிமாறப்பட்டு 51 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள்.

பறித்தால்தான் என்ன என்று கேட்டேன். சுவிட்சர்லாந்தில் 1975-இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்த ஆய்வைப் பெரியவர் சொன்னார். பறிப்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை. மண்ணை மிதித்த இடங்களில்தான் காளான்கள் குறைந்தன. அப்படியானால் தடை தேவையில்லையே என்று வாதாடலாம். நான் தடையின் பக்கம்தான். கூடையோடு நூறு பேர் இந்தப் புதருக்குள் நுழைந்தால் மிதிபடாத மணல் எங்கே மிஞ்சும்? மான்களுக்கும் வண்டுகளுக்கும் வேண்டியதை விட்டுவைப்பதும் நியாயம்தானே.

இந்த மண்ணில் காளானை உற்றுப் பார்க்கும் பழக்கம் பழையது. 1564-இல் ஹாட்ரியானுஸ் யூனியுஸ் என்ற மருத்துவர் ஹாலந்து மணற்குன்றுகளில் முளைக்கும் ஒரு நாற்றக் காளானைப் பற்றித் தனிநூலே எழுதியிருக்கிறார்.

அடுத்த புதரில் போன வசந்தத்தில் மொரில் இருந்ததாம். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்து, ஊர்ந்து, முள் கீறக் கீறத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அம்மையார் குறிப்பேட்டில் புதரின் எண்ணை எழுதி, எதிரே சுழியம் போட்டார். அதை ஏன் எழுத வேண்டும் என்றேன். "எழுதாவிட்டால், நாங்கள் வரவில்லையா, வந்தும் காளான் இல்லையா என்று பிறகு யாருக்குத் தெரியும்?" என்றார். முயல் குறைந்தபோதும் புல் மூடியபோதும் எது எங்கே மறைந்தது என்று சொல்ல இத்தகைய சுழியங்கள்தான் சான்று. தேதியையும் புதரைச் சுற்றியிருந்த செடிகளின் பெயர்களையும் அவர் சேர்த்து எழுதினார். பெரியவர் கால்சட்டையில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பட்டியலில் இன்னும் பல புதர்கள் பாக்கி இருந்தன.