முகப்பு

வீட்டின் வெளிப்பக்கத்தைத் தமிழில் முகப்பு என்கிறோம். தன் முகத்தைத் தானே காண இயலாததைப் போல, வீட்டின் முகப்பையும் உள்ளே வசிப்பவர்கள் அதிகம் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர்களும் தெருவில் நடப்பவர்களுமே அதைப் பார்க்கிறார்கள். பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் பார்வை அவர்களுடையது. பழைய வீட்டைப் பெருக்கிக் கட்டவேண்டிய தேவை நேர்ந்தபோது, உடன்பிறந்தவர்களான நாங்கள் மூவரும் ஏறக்குறைய ஓராண்டு விவாதித்தது இதைத்தான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது?

வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. எங்கள் பாட்டனார் வாங்கியது. அம்மா எண்பதைக் கடந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். எங்களில் மூத்தவர் பணி ஓய்வுபெற்றுக் குடும்பத்துடன் திரும்பி அவருடன் தங்க முன்வந்தார். முற்றத்தைச் சுற்றிய இருட்டறைகளில் இரண்டு குடும்பங்கள் வசிக்க இயலாது. இன்னும் இரண்டு அறைகள் வேண்டும், அம்மா தனியாக உருட்டிச் செல்லக்கூடிய வாயில் வேண்டும். எங்களில் இளையவருடைய யோசனை வேறாக இருந்தது. இடித்துவிட்டு நான்கு அடுக்காகக் கட்டலாம், இல்லையென்றால் விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார். அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அவருக்குக் கடன் இருந்தது, மனைக்கு நல்ல விலையும் இருந்தது.

தமிழ்ப் பகுதியின் வீடுகளை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். தெருவை ஒட்டி மரத்தூண்கள், அவற்றின்மேல் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை. இது தாழ்வாரம். அதன் நிழலில் கதவுக்கு இருபுறமும் திண்ணைகள். கதவைத் தாண்டினால் ரேழி, பிறகு முற்றம், பின்னால் கிணற்றடி. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் இடையே இருப்பது பொதுச்சுவர். ஆகவே எந்த வீடும் தனியாக நிற்பதில்லை. தாழ்வாரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே உயரத்தில் தொடரும்போது தெரு முழுவதற்கும் ஒரு நீண்ட நிழல் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் அந்த நிழலிலேயே ஒதுங்கி ஒதுங்கித் தெருக்கோடி வரை நடந்துவிடலாம். ஒரு வீடு அந்த வரிசையை உடைத்துக்கொண்டு கண்ணாடியும் ஷட்டருமாக எழுந்தால், குறைவது அந்த வீட்டின் அழகு மட்டுமல்ல. நடப்பவருக்கு அந்த இருபதடி வெயில்.

பழமை என்ற சொல்லை முன்வைத்துத்தான் எங்கள் முதல் விவாதம் தொடங்கியது, அது வெகுதூரம் போகவில்லை. ஏனெனில் புதுச்சேரித் தமிழ் வீடுகளில் பலவும் ஏற்கெனவே பெருக்கிக் கட்டப்பட்டவை. கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ் முறையில் இருக்க, மேலே வளைவுச் சாளரங்கள், அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு முறையில் மாடி எழும்பியிருக்கும். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலேயே கீழ்த்தளம் மரத்தூண்களோடும் மேல்தளம் ஐரோப்பிய பாணித் தூண்களோடும் அமைந்திருக்கிறது. நாட்குறிப்பு எழுதிய அந்த துபாஷ் இரண்டு மொழிகளுக்கு இடையே வாழ்ந்தவர். வீடும் அவ்வாறே இரண்டு மொழி பேசியிருக்கிறது. பிறகாலத்தில் மாடி எடுத்த எளிய குடும்பங்களும் அந்த வழியைத் தொடர்ந்தன. அவர்களில் எவரும் கீழே இருந்த தாழ்வாரத்தை அகற்றிவிட்டு மேலே போகவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். புதியதை மேலே வைத்தார்கள், தெருவுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறவில்லை.

இந்தக் கவனிப்பு எங்களுக்கு ஓர் அளவுகோலாயிற்று. அண்மைக்காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இன்டாக் அமைப்பின் பங்கேற்போடு, தனித்தனி வீடுகளாக அன்றித் தெருவின் ஒரு பகுதியை முழுமையாகக் கருத்தில்கொண்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அந்த வீதியில் மாலைநேரத்தில் நடந்து பார்த்தோம். எந்த வீட்டின் முன்பும் நின்று வியக்கத் தோன்றவில்லை. ஆனால் நடந்து முடித்தபோது மனம் அமைதியாக இருந்தது. அதுவே அதன் சிறப்பு என்று எங்களுக்குப் பட்டது.

பழையதோடு புதியது சேரும்போது எப்படி இருக்கவேண்டும் என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. 1964-இல் உருவான வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசுகையில், சிதைந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதேநேரம் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. புதிய சேர்க்கைகள் கட்டடத்தின் சமநிலையையும் சூழலோடு அதற்குள்ள உறவையும் குலைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இதற்கு மறுகோடியில் எங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதை முந்தைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021-இல் திறந்தார்கள். கடற்கரையின் முகத்தில் பல்போன இடம்போல அது வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு, அசல் எது, நகல் எது என்னும் கேள்வி அத்தனை முக்கியமாகத் தோன்றாது. ஆனால் எங்கள் வீடு நினைவுச் சின்னமும் அல்ல, இடிந்து விழவும் இல்லை. அதில் ஒரு முதியவள் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகவேண்டும்.

மேலே அறை எழுப்ப முடியுமா என்று பார்க்க வந்த முதிய கொத்தனார், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாடி போடலாம் தம்பி, இந்தச் சுவர் மேல போடாதீங்க" என்றார். சுண்ணாம்பில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் அவை. மேலே மெட்ராஸ் தளம். மர உத்திரங்களுக்குக் குறுக்கே சட்டங்கள் அடுக்கி, மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்துக் கெட்டிப்படுத்தும் முறை அது. தன் பளுவையும் மனிதர்களின் நடமாட்டத்தையும் அது தாங்கும், கான்கிரீட் அறைகளைத் தாங்காது. ஆகவே இரண்டு அறைகளையும் கிணற்றடிக்கு அப்பால், தனிக் கடைக்கால் தோண்டி, தனித் தூண்களில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பினோம். கீழறையும் அதை ஒட்டிய கழிப்பறையும் அம்மாவுக்கு. பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, மழைநீர் இறங்காமல் தகடு வைத்து மூடினோம். இரண்டும் அருகருகே நிற்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று சாயவில்லை. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் மாடியறை தெரியாதபடி அதன் உயரத்தை முன்கூட்டியே கயிறு கட்டி அளந்துகொண்டோம்.

முகப்பில் செய்த வேலையைப் பெரும்பாலும் அகற்றும் வேலை என்றே சொல்லவேண்டும். 1980-களில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா முன்சுவர் முழுவதும் சிமெண்ட் பூசியிருந்தார். அன்று எல்லாரும் செய்ததுதான். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு தன் மேற்பரப்பின் வழியே வெளியேற்றும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளுகிறது. பழுது சுவரில் இருப்பதாக எண்ணி மீண்டும் சிமெண்ட் பூசுவார்கள். நாங்கள் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பல நாட்கள் புளிக்கவைத்த சாந்தைப் பூசினோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக மாறுவது. ஆகையால் அதை அவசரப்படுத்த முடியாது. எங்கள் அட்டவணை குலைந்ததற்கு முதற்காரணம் அதுவே. தாழ்வாரத்தில் உளுத்துப்போன கைமரங்களை மட்டும் மாற்றி, உடையாத நாட்டு ஓடுகளைக் கழுவி மீண்டும் அடுக்கினோம். உடைந்தவற்றுக்கு ஈடு, இடிக்கப்பட்ட வேறொரு வீட்டிலிருந்து வந்தது. அதை வாங்கும்போது எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

உண்மையான சச்சரவு திண்ணையில்தான் வந்தது.

திண்ணையைப் பற்றி எழுதும்போது நம்மில் பலரும் நெகிழ்ந்துவிடுகிறோம். வழிப்போக்கன் படுத்தெழுந்த இடம், திண்ணைப் பள்ளிக்கூடம், திருக்கோவிலூர் இடைகழியில் ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க இடம் கிடைத்த ஆழ்வார்களின் கதை என்று நினைவுகள் விரியும். அவை பொய்யல்ல. ஆனால் திண்ணை ஓர் எல்லைக்கோடாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் வலப்புறம் இருப்பது பெரிய திண்ணை, தலைவைத்துச் சாயச் சுதையால் சரிவு கட்டியது. பாட்டனாரும் அவருக்குச் சமமானவர்களும் அமர்ந்தது. இடப்புறம் இருப்பது தாழ்ந்த ஒட்டுத்திண்ணை. அது மற்றவர்களுக்கு. அதிலும் ஏறக்கூடாதவர்கள் தெருவிலேயே நின்றார்கள், செம்பை உயர்த்தி ஊற்றிய நீரைக் கைகுவித்துக் குடித்தார்கள். புதுமணப் பெண்ணாக வந்த காலத்தில் அப்படி ஊற்றியவர் அம்மாவே. இந்த வீட்டின் தன்மையைக் காக்கவேண்டும் என்று சொல்லும்போது இந்தத் தன்மையையும் சேர்த்தா காக்கிறோம்?

சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதையை எங்கே வைப்பது என்ற கேள்வி இந்த இடத்தில் வந்து நின்றது. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், மூன்றாக இருந்த எங்கள் வாயிற்படிகளில் ஒன்றுதான் மிச்சம். தெருவுக்கும் வாசலுக்கும் பத்தங்குலமே வேறுபாடு. மழைக்காலத்தில் எங்களை அலைக்கழித்த அந்த உயர்வே இப்போது உதவியது. ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளம் என்னும் கணக்கில் பத்தடிப் பாதை போதும். பெரிய திண்ணையின் நீளமும் பத்தடி.

ஆலோசனை சொல்ல வந்த கட்டடக் கலைஞர், ஒட்டுத்திண்ணையை எடுத்துவிடுங்கள், பாதையைத் தெருப்பக்கம் சற்று நீட்டிக்கொள்ளலாம் என்றார். சுதைச் சரிவோடு கூடிய பெரிய திண்ணைதான் அரிய பொருள், மற்றது சாதாரணக் கட்டுமானம் என்பது அவர் வாதம். கலைப்பொருள் என்ற கணக்கில் அவர் சொன்னது சரி. எங்களில் மூத்தவரும் அவர் பக்கமே நின்றார். தாத்தாவின் தலை பட்டுப் பட்டு வழவழப்பான சரிவு அது. ஆனால் பெரிய திண்ணையில் இப்போது எவரும் அமர்வதில்லை. ஒட்டுத்திண்ணையில் தினமும் ஆள் இருக்கிறார்கள். காலையில் பூக்கட்டும் பெண், பத்துமணிக்குக் கீரைக்காரம்மா, மதியத்தில் இஸ்திரி வண்டிக்காரர், மழை வந்தால் யாரும். அம்மாவின் பகற்பொழுதின் பேச்சுத்துணை இவர்கள்தான். கதவருகே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட நாற்காலியில் இருந்தபடி அம்மா சொன்னார்: "அங்க ஒக்காந்திருந்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு. இங்க ஒக்கார்றவங்க நாளைக்கும் வருவாங்க."

பெரிய திண்ணையின் ஆறடி அகலத்தில் நான்கடியை வெட்டினோம். சரிவின் பெரும்பகுதி அதோடு போயிற்று. சுவரோரம் எஞ்சிய இரண்டடி ஒரு நீண்ட இருக்கையாயிற்று, ஒட்டுத்திண்ணையின் உயரத்துக்கே அதைச் செதுக்கிவிட்டோம். இரவில் திருட்டு பயம் என்பதால் கம்பிக் கதவு தேவைப்பட்டது. எங்கள் தெருவில் பலரும் செய்திருப்பதுபோல மரத்தூண் வரிசையில் அதை வைத்தால் திண்ணை கூண்டாகிவிடும். ஆகவே வாசற்கதவின் வரிசையிலேயே, திண்ணைகளுக்கு உட்புறமாக வைத்தோம். வெளியே இருப்பது இரவிலும் தெருவைச் சேர்ந்தது. அதில் எப்போதாவது ஒரு குடிகாரர் உறங்குகிறார் என்பதையும் சொல்லவேண்டும்.

2023-இல் பணி முடிந்தது. எங்களில் இளையவர் இன்னும் இணங்கிவிடவில்லை. அம்மாவின் காலம் வரை பொறுத்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்குமேல் கேட்க எங்களுக்கும் உரிமையில்லை. அதன்பிறகு வீடு எவர் கைக்குப் போகும் என்பதை எங்களால் சொல்ல முடியாது. பின்கட்டு அறைகள் தனித்து நிற்பவை என்பதால், வேண்டாதவர் அவற்றைப் பழைய சுவருக்கு ஊறு நேராமல் எடுத்துவிடலாம். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டினால் செங்கல் அப்படியே இருக்கும். வெட்டிய திண்ணையை மட்டும் திரும்ப வைக்க முடியாது. யோசித்துச் செய்தது அது. கீரைக்காரம்மா இப்போது கூடையைச் சுமந்துகொண்டு படியேறுவதில்லை. சரிவுப்பாதையின் அடியில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு, அதன் வழியே நடந்து உள்ளே வந்துவிடுகிறார்.