சிவப்பு காணாமல் போன பலூன்

"டீச்சர், செவப்பு பலூனுன்னு சொன்னீங்க... இது கறுப்பால்ல இருக்கு?"

முன்வரிசைப் பையன் கேட்டதும் வகுப்பறையே சிரித்தது. லேப்டாப் பக்கத்தில் நின்றிருந்த அறிவியல் டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுவரில் பாரிஸ் நகரத்துத் தெரு ஓடிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்ட பலூனை ஒரு சிறுவன் ஏறி எடுக்கிறான். படத்தின் பெயரே 'தி ரெட் பலூன்'. பலூனோ கரித்துண்டு மாதிரி இருந்தது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டு வழியாகக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும் நடுநிலைப் பள்ளி அது. 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் போட்டுக்காட்டும் திட்டம் வந்தது. தொடக்க மாதங்களில் காட்டப்பட்ட படங்களில் ஒன்று இந்த பிரெஞ்சுப் படம். ஆல்பெர் லமோரிஸ் 1956-ல் எடுத்தது. தன் மகன் பாஸ்கலையே நடிக்க வைத்தார். மொத்தம் 34 நிமிடம்தான். வசனம் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆனாலும் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கிய படம். பேச்சே இல்லாததால் மொழி தெரியாத பிள்ளைக்கும் புரியும். சிவப்பு தெரிந்தால் போதும்.

அந்தச் சிவப்புதான் தெரியவில்லை.

டீச்சருக்கு இது இரண்டாவது முயற்சி. முந்தைய மாதம் அவரே தனியாகப் போராடிப் பார்த்தார். முதலில் திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தது. எதையெதையோ அழுத்தி அதைச் சரிசெய்தால், படம் ஓடிய பத்தாவது நிமிடத்தில் புரொஜக்டர் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் தரையில் காத்திருந்துவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு தியேட்டர் என்றால் தீபாவளிக்கு ஒருமுறை கோவில்பட்டி போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸிலும், அப்பா காட்டு வேலையிலும் இருக்கும் வீடுகள்.

"எங்க தாத்தா டூரிங் டாக்கீஸ்ல ஆப்பரேட்டரா இருந்தாரு டீச்சர். கூட்டிட்டு வரவா?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டபோது மற்ற பிள்ளைகள் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்த அந்தத் தாத்தா, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் உட்கார்ந்திருப்பவர். டீச்சருக்கும் சந்தேகம்தான். கார்பன் குச்சியை எரித்துப் படம் காட்டியவருக்கு லேப்டாப்பைப் பற்றி என்ன தெரியும்?

வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்தவர். தோளில் துண்டு. புரொஜக்டரைத் தொடவே இல்லை. வகுப்பறையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"டீச்சரம்மா, மெசினு கெடக்கட்டும். மொதல்ல ஜன்னல மூடணும். வெளிச்சத்துல எந்த மெசினும் படம் காட்டாது."

பகல் இரண்டு மணி. புரட்டாசி மழை இன்னும் இறங்கவில்லை, வெளியே கண்ணைக் கூசும் வெயில். பக்கத்துக் களத்திலிருந்து உளுந்து காயப்போடும் படுதா இரண்டு வந்தது. உரச் சாக்குகளும் வந்தன. கதவிடுக்கில் பழைய போர்வை. கால் மணி நேரத்தில் அறை கொட்டகை ஆனது. கையேட்டில் லென்ஸ், ஒயர், பொத்தான் எல்லாம் இருக்கும். ஜன்னலை எதைக் கொண்டு மூடுவது என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை.

அடுத்தது மேஜை. டீச்சர் அதைப் பின்சுவர் ஓரம் போட்டிருந்தார். படம் பத்தடி அகலத்துக்கு விழுந்தது. பெரியதுதான், ஆனால் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருந்தது. "முன்னால தள்ளுங்க. ஆறடி வந்தாப் போதும்" என்றார் தாத்தா. சுவரிலிருந்து ஒன்பதடியில் மேஜை நின்றது. இதன் கணக்கு எளிது. பத்தடியிலிருந்து ஆறடியாகச் சுருக்கும்போது, அதே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தில் குவிகிறது. காசு செலவில்லாமல் மூன்று மடங்கு பிரகாசம். வீட்டில் புரொஜக்டர் வாங்கியவர்கள் சுவர் முழுக்கப் படம் வேண்டுமென்று ஆசைப்பட்டு, பிறகு கம்பெனியைத் திட்டுவது இதனால்தான்.

முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருந்ததால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழுந்தது. அதைச் சரிசெய்ய 'கீஸ்டோன்' என்றொரு வசதி உண்டு. டீச்சர் ரிமோட்டை எடுத்தார். தாத்தா தடுத்து, மேஜைக்கு அடியில் நான்கு செங்கலை வைக்கச் சொன்னார். அவருக்குக் கீஸ்டோன் என்ற பெயரே தெரியாது. ஆனால் செய்தது சரி. படத்தைப் பொத்தானால் வளைத்தால் கொஞ்சம் கூர்மை போகும். மெஷினை நேராக வைத்தால் ஒன்றும் போகாது.

இந்தத் தொழிலே இப்படி இடத்துக்கு இடம் மாறி, இருப்பதை வைத்துச் சமாளித்து வளர்ந்ததுதான். 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவர்தான். அவர் போட்ட பாதையில்தான் பிறகு கரிசல் கிராமங்களுக்கும் டெண்டு கொட்டகைகள் வந்தன. தாத்தா வேலை பார்த்த கொட்டகையில் ஒரே ஒரு மெஷின். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம் ஓடும். அதற்குள் இரண்டு கார்பன் குச்சிகளும் தேயத் தேய இடைவெளி விடாமல் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும்.

புரொஜக்டரைப் போட்டதும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கொதிக்குதே. இது மூச்சு முட்டிக்கிட்டு கெடக்கு டீச்சரம்மா."

அணைத்து, ஆறவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றினால் ஒரு சின்ன வடிகட்டி வந்தது. வலை தெரியவில்லை. கரும்புழுதி அப்பிக் கம்பளி மாதிரி இருந்தது. கரிசலில் மழைக்கு முன் புழுதி விதைப்பு நடக்கும் மாதங்கள் இவை. உழுத காட்டிலிருந்து கிளம்பும் தூசி அலமாரிக்குள் வைத்த புத்தகத்தையே விடாது, உள்ளே காற்றை இழுக்கும் மெஷினை விடுமா? வடிகட்டி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக அணையும். போன மாதத்துக் குற்றவாளி அகப்பட்டான். பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுத்தார்கள். லென்ஸைத் துடைக்க டீச்சர் கைக்குட்டையை எடுத்தபோது தாத்தா வேண்டாம் என்றார். மணல் துகள் இருந்தால் கீறல் விழும், முதலில் ஊதித்தான் தள்ள வேண்டும்.

பள்ளிக்குப் பின்னால் மாவு மில். அது ஓடினால் மின்விசிறி தள்ளாடும். பேத்தி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "அரை மணி நேரம்தானே, நிறுத்திக்கிறேன்" என்றாராம் மில்காரர். அவரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

எல்லாம் தயார். லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி, 'டூப்ளிகேட்' கொடுத்ததும் சுவரில் படம் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் சத்தமும் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு நிமிடம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

கறுப்பு பலூன்.

டீச்சர் படத்தை நிறுத்தினார். பிரைட்னஸை ஏற்றினார், இறக்கினார். லேப்டாப் திரையில் பலூன் அழகான சிவப்பு. சுவரில் மட்டும் கறுப்பு. "ஃபைல்ல ஒண்ணுமில்ல. பல்புதான் போச்சு போல" என்றார் குரல் இறங்கி. இரண்டாவது முறையும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்குமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

தாத்தா சுவருக்குப் பக்கத்தில் போய், அறுவை சிகிச்சை செய்த கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பலூன விடுங்க. வெள்ளையப் பாருங்க. வெள்ளை எங்க வெள்ளையா இருக்கு? பச்சையும் நீலமுமா அடிக்கி. எங்க காலத்துல பழைய ரீலுல மத்த கலரெல்லாம் போயி செவப்பு மட்டும் மிஞ்சும். இங்க தலைகீழா, செவப்பு மட்டும் போயிருக்கு. பல்பு போனா எல்லாந்தான போகும்? ஒண்ணு மட்டும் போகுதுன்னா வர்ற வழியில எங்கயோ அறுந்திருக்கு."

அவர் சொன்ன பழைய ரீல் விஷயம் உண்மை. அந்தக் காலத்துக் கலர் பிரின்ட்களில் சாயம் வெளுத்து, படம் முழுக்கச் செம்மை ஏறிப்போகும். டீச்சருக்கு உடனே பொறி தட்டியது. அன்று அங்கே இருந்தது எல்.சி.டி. வகை புரொஜக்டர். விளக்கின் வெள்ளை ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று தகடுகள் வழியாக அனுப்பி மறுபடி ஒன்றாக்கும். லேப்டாப்பிலிருந்து போன ஒயர் பழைய வி.ஜி.ஏ. வகை. அதற்குள்ளும் மூன்று நிறமும் தனித்தனிக் கம்பியில்தான் போகும். இப்போது பரவலாக உள்ள எச்.டி.எம்.ஐ. ஒயரில் பொதுவாக இப்படி ஒரு நிறம் மட்டும் தனியாக நழுவாது. பழையதில் நழுவும்.

ஒயரைக் கழற்றிப் பார்த்தார். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. மேல் வரிசையின் ஓரத்தில், சிவப்பைக் கொண்டுபோகும் ஒன்றாம் ஊசி சாய்ந்து படுத்திருந்தது. போன மாதம் பதற்றத்தில் தப்பும் தவறுமாகச் செருகி அழுத்தியது அவரேதான். அதைப் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தாத்தா ஒயரை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் கொண்டுவந்தார். ஊசி அவர் கண்ணுக்குச் சிக்கவில்லை. கையும் லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"தாயி, இங்க வா. நீ நிமித்து."

டீச்சர் புடவையிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பேத்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அவசரப்படாத. ஒரேயடியா நெம்புனா ஒடிஞ்சிரும். கொஞ்சங் கொஞ்சமா... ஒரு பக்கமா தாங்கு" என்று தாத்தா அவள் தலைக்கு மேலே குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். படம் ஓடும்போதுகூட அவ்வளவு அமைதி இல்லை.

ஒயரை நேராகச் செருகி, இரண்டு பக்கத் திருகையும் முடுக்கினாள்.

சுவரில், சாம்பல் நிறத் தெருவுக்கு நடுவே, பலூன் திடீரென்று ரத்தச் சிவப்பாகப் பூத்தது. "ஏ... செவப்பு!" என்று ஒரு கூச்சல். மாவு மில்காரர்தான் முதலில் விசில் அடித்தார்.

முப்பத்து நான்கு நிமிடமும் தடங்கலில்லாமல் ஓடியது. பொல்லாத பையன்கள் கல்லெறிந்து பலூனை வீழ்த்தும் இடத்தில் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று அழுதது. அது எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. தாத்தா கடைசிவரை உட்காரவே இல்லை. மேஜை பக்கத்திலேயே நின்று, அவ்வப்போது அந்தச் சூடான காற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் ஒரு பையன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கப் போனான். "ஏலேய், நில்லு! காத்தாடி நிக்கட்டும்" என்று அதட்டினார். உள்ளே விளக்கு ஆறும்வரை விசிறி சுற்றும். அதற்கு முன் கரண்டை நிறுத்தினால் விளக்கின் ஆயுள் குறையும். பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விசிறி நின்றது.

படுதாக்கள் களத்துக்குத் திரும்பின. மாவு மில் ஓட ஆரம்பித்தது. பேத்தி ஒயரைத் தாத்தா காட்டியபடி முறுக்கு விழாமல் வட்டமாகச் சுற்றினாள். டீச்சர் ஊக்கைத் திரும்பக் குத்திக்கொள்ளவில்லை. பெயின்ட் பிரஷோடு சேர்த்துப் புரொஜக்டர் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

"அடுத்த மாசம் என்ன படம் டீச்சரம்மா?" என்றார் தாத்தா, துண்டை உதறித் தோளில் போட்டபடி. உதறிய இடத்தில் ஒரு பிடி கரும்புழுதி பறந்தது.