மேல்மாடியிற் கேட்ட சிரிப்பு

காதலும் மர்மமும் அமானுஷ்யமும் கலந்த நாவல் என்றதும் நம் நண்பர்களிற் பலர் முகத்தைச் சுளிப்பர். உறங்கப் போகுமுன் வாசித்து விடிந்ததும் மறக்கும் சரக்கு அது என்பது அவர்கள் தீர்ப்பு. அத்தகைய நாவல்களிற் பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை அத்தீர்ப்பை நானும் மறுக்கமாட்டேன். ஆயினும், 1847ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலுக்கும் அதே முத்திரை குத்தப்படும்போது என்னால் வாளாவிருக்க முடிவதில்லை. உயர்வகுப்பு மாணவருடன் அந்நூலைப் பல்லாண்டுகளாக வாசித்து வருபவன் நான். அதைப் பற்றி வாசகர்கள் சொன்னவற்றைத் தேடிப் படிப்பதிலும் எனக்கு ஒருவகைப் பித்து உண்டு.

கதை எளியது. அநாதைப் பெண் ஒருத்தி செல்வர் வீட்டிற் குழந்தைக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். வீட்டுத் தலைவர் றொச்செஸ்ரர் மீது காதல் கொள்கிறாள். இரவில் மேல்மாடியிலிருந்து ஒரு சிரிப்பொலி கேட்கிறது; கட்டிலில் தீப் பற்றுகிறது. மணநாளன்று உண்மை வெளிப்படுகிறது: பூட்டிய அறையில் இருப்பது பேயன்று, ஜமெய்க்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட முதல் மனைவி பெர்த்தா.

இந்த மர்மம் ஏன் வந்தது? நூலாசிரியை சார்லொட் புரொன்ரே, விமர்சகர் லூயிஸுக்கு 1847 நவம்பரில் எழுதிய கடிதமொன்று இதற்கு விடை தருகிறது. மிகையுணர்ச்சியைத் தவிர்க்குமாறு லூயிஸ் அறிவுரை கூறியிருந்தார். தமது முந்திய நாவலை அடக்கமாகவும் உள்ளது உள்ளபடியும் எழுதியதாகவும், ஆறு பதிப்பகத்தார் அதனை அடுத்தடுத்து மறுத்துவிட்டதாகவும் அவர் பதிலெழுதினார். திடுக்கிடும் சம்பவங்கள் இல்லாத நூலை வாடகை நூல்நிலையங்கள் வாங்கமாட்டா என்பதே அவர்கள் சொன்ன காரணம். மூன்று பாகங்களாக வந்த 'ஜேன் அயர்' நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். கதாநாயகியின் ஆண்டுச் சம்பளமே 30 பவுண். தன் கதையைத் தானே வாங்குவதென்றால் அவள் ஏறக்குறைய மூன்று கிழமைச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்! யதார்த்தத்திலிருந்து எழுத்தாளர் ஏன் விலகினார் என்று கேட்கும் நம் விமர்சகர்கள், அவரை விலகச் செய்த சந்தையையும் சற்றே நோக்குதல் நன்று.

அக்கால வாசகருள் என்னை மிகவும் கவர்ந்தவர் நூலை வெறுத்த ஒருவரே. 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி றிவ்யூ' சஞ்சிகையிற் பெயர் குறிப்பிடாது எழுதிய எலிசபெத் றிக்பி, இந்நாவலையும் தக்கரேயின் 'வனிற்றி ஃபெயர்' நாவலையும், வீட்டாசிரியைகளுக்கான உதவிச் சங்கமொன்றின் அறிக்கையையும் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் பேயைக் கண்டு அஞ்சவில்லை. ஐரோப்பாவில் அரசுகளைக் கவிழ்த்த மனோபாவமும், இங்கிலாந்திற் சாசன இயக்கத்தை வளர்த்த மனோபாவமும் எதுவோ, அதுவே இந்நூலையும் எழுதியது என்று அவர் குற்றஞ் சாட்டினார். அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் திகதிதான் சாசன இயக்கத்தார் கெனிங்ரன் வெளியில் திரண்டிருந்தனர். ஏழை ஆசிரியை ஒருத்தி எசமானின் முன் நின்று, எனக்கும் ஆன்மா உண்டு என்று பேசுவதன் பொருளை, நூலைப் புகழ்ந்த பலரைவிட இந்த எதிரி நன்றாக விளங்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கூட்டத்தார் குறைகூறுவது அமானுஷ்யக் குரலைப் பற்றியது. நெடுந்தொலைவில் இருக்கும் றொச்செஸ்ரர் தன் பெயரைச் சொல்லி அழைப்பது ஜேனின் காதில் விழுகிறது. இது நம்பத்தக்கதா என்று ஒருவர் கேட்டபோது, அது மெய்யாகவே நிகழ்ந்தது என்று நூலாசிரியை தாழ்ந்த குரலிற் சொன்னாராம். 1857இல் அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட கஸ்கெல் அம்மையார் இதனைக் குறித்துள்ளார். எனக்கு அந்தக் குரல் உவப்பானதன்று. பிரிந்தவரைக் கூட்டிவைக்கக் கதைக்கு வேறு வழி தெரியவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

ஆனால் சிரிப்பொலி வேறு விடயம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, "சேர், பெர்த்தா ஏன் தன் வாயால் ஒரு வசனமும் பேசவில்லை?" என்று கேட்டாள். புரட்டிப் பார்த்தோம். அவள் கூறியதாகச் சகோதரன் ஒரு வார்த்தை சொல்கிறான், அவ்வளவுதான். பின்னர் வேறொன்றும் கண்ணிற் பட்டது. அவளைக் காவல் காக்கும் கிறேஸ் பூலின் சம்பளத்தில் ஐந்திலொரு பங்குகூடத் தனக்குக் கிடைப்பதில்லை என்கிறாள் வீட்டுப் பணிப்பெண் லீயா. வேலைக்காரர் கூலியைப் பற்றிக் குசுகுசுக்கும் அந்தச் சில வரிகளில் மர்மத்தின் சாவி கிடக்கிறது. வீட்டிலேயே பெரிய கூலி, வாயை மூடியிருப்பதற்கான கூலி.

பெர்த்தாவுடன் வந்த சீதனம் 30,000 பவுண். அவள் தந்தையை மேற்கிந்தியத் தோட்ட முதலாளி என்றும் வணிகர் என்றும் நாவலே கூறுகிறது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபோது, பிரித்தானிய அரசு 20 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கியது; அது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே போனது, அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை.

டொமினிக்காவிற் பிறந்த ஜீன் றிஸ், பெர்த்தாவின் கதையை 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்னும் நாவலாக எழுதினார். ஒரு வாசகியின் மனக்குறை இன்னொரு நூலாகப் பிறந்தது! எனினும், றிஸ் அம்மையாரும் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரரின் வழித்தோன்றலே. அந்நாவலிற் கறுப்பினப் பணிப்பெண் கிறிஸ்ரோபீன் ஓரத்திலேயே நின்று பின் மறைந்துவிடுகிறாள் என்று காயத்திரி ஸ்பிவக் 1985இற் சுட்டிக்காட்டினார். கரும்பு வெட்டியவர் இரண்டு நூல்களிலும் கதை சொல்வதில்லை.

ஜேனின் செல்வத்தையும் சொல்லவேண்டும். மதேராவில் இருந்த சிற்றப்பன் அவளுக்கு 20,000 பவுண் விட்டுச் செல்கிறார். அதனை அவள் நான்காகப் பங்கிட்டு உறவினருக்குக் கொடுக்கிறாள். முற்போக்கு நண்பர்கள் இந்தப் பங்கீட்டைப் பாராட்டுவதுண்டு. அந்தச் சிற்றப்பன் யாரென்றால், பெர்த்தாவின் குடும்ப வணிக நிலையத்துக்கு மதேராவில் இருந்த முகவர்! நூலில் இது ஒரே வரியில் வந்து போகிறது. சென்ற தவணை அவ்வரியை வகுப்பில் வாசித்தபோது, ஜேன் அப்பணத்தைத் தொட்டிருக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. முப்பது பவுண் சம்பளக்காரி வேறெப்படி றொச்செஸ்ரருக்குச் சமமாக நிற்பது என்று கேட்டாள் அடுத்தவள். மணி அடித்த பின்னரும் இருவரும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தனர்.