உபினில் ஒரு ஜோடிக் குரல்

வாரநாளில் காலை ஆறு மணிக்கு வானொலியில் வணக்கம் சொல்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றால் மாமா விடவில்லை. “வாம்மா, உன்னைவிட நல்லாப் பேசுற ஒருத்தரைக் காட்டுறேன்” என்று சாங்கி படகுத்துறைக்கு அழைத்துப் போனார். 12 பேர் சேர்ந்ததும் பம்போட் கிளம்பியது. சற்று நேரத்தில் புலாவ் உபின்.

மாமா சொன்ன ஆள், மலாய்க்காரர்கள் ‘பாராவ் பாராவ்’ என்று அழைக்கும் பறவை. ஆங்கிலத்தில் ஸ்ட்ரா-ஹெடட் புல்புல். கொண்டைக்குருவிக்குச் சொந்தம், ஆனால் மைனாவைவிடப் பெரியது, சுமார் 29 செ.மீ. வைக்கோல் நிறத் தலை, கண்ணோரம் கறுப்புக் கோடு, மீசைபோல இன்னொன்று, மார்பில் வெள்ளைக் கீற்றுகள். அதன் அறிவியல் பெயரில் ‘சிலோன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் இந்தப் பறவையே கிடையாது! யாரோ அந்தக் காலத்தில் தப்பாக வைத்த பெயர்.

நீரோரப் புதர்களும் காட்டு விளிம்பும் இதற்குப் பிடிக்கும். பழமும் பூச்சியும் உணவு. நாங்கள் முதலில் கேட்டது குரலை மட்டுமே. ஒன்று களகளவென்று தொடங்க, இணை அதன்மேலேயே சேர்ந்துகொண்டது. எங்கள் நிலையத்தில் இரண்டு படைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பேசினால் திட்டு விழும். இவை சேர்ந்து பாடியதில் ஒரு சுருதி பிசகவில்லை.

கைப்பேசியில் பதிவு செய்தேன். ஆளைப் பார்க்க முடியவில்லையே என்ற ஆசையில், பதிவைச் சத்தமாக ஒலிக்கவிட்டேன். உடனே இரண்டும் வெளியே வந்தன. தலைக்கு மேலிருந்த கிளையில் அங்கும் இங்கும் தாவி, கழுத்தை நீட்டித் திரும்பத் திரும்பப் பாடின. நான் மகிழ்ச்சியோடு காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“போதும்மா, நிறுத்து. அதுங்க இடத்துக்கு வேற ஆளு வந்துட்டான்னு பதறுதுங்க.”

நிறுத்தினேன். மாமா ஜோகூரில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் கூண்டுப் பறவையைப் பாடவிட்டு, சுற்றிலும் கிளைகளில் பலாப் பிசின் தடவி வைப்பாராம். கேட்டு வரும் காட்டுப் பறவை ஒட்டிக்கொள்ளும். நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான், பிசின் மட்டும் இல்லை.

இந்தக் குரலுக்காகவே பிடித்துப் பிடித்து, ஜாவாவிலும் தாய்லாந்திலும் காடுகளில் இது அற்றுப்போய்விட்டதாகவே கருதப்படுகிறது. 2018இல் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அனைத்துலக வணிகத் தடையும் வந்தது. சிங்கப்பூரில் மட்டும் ஓரளவு நன்றாக இருக்கிறது, முக்கியமாக உபினில்.

திங்கட்கிழமை நிகழ்ச்சியில் முதல் பதிவை 20 விநாடி ஒலிபரப்பினேன். நிறைய வாட்ஸ்அப் வந்தது. “எந்த இடம் சிஸ்டர்? அந்த ஆடியோவை அனுப்புங்களேன், நாங்களும் போய் வெச்சுப் பார்க்கிறோம்” என்று ஒரு நேயர் கேட்டார். பிள்ளைகளோடு போகிறாராம். விடியற்காலையில் போய்ச் சும்மா நில்லுங்கள், அதுவாகவே பாடும் என்று மட்டும் பதில் போட்டேன். பதிவை அனுப்பவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்னவோ, பதில் இல்லை.

அந்தக் காணொளி இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. பறவைகள் பாடிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் “போதும்மா” குறுக்கே விழுகிறது.