தலை எந்தப் பக்கம்?

கும்பகோணம் பக்கம் வளர்ந்தவனுக்கு மீன்கொத்தியைப் பார்க்க மெனக்கெட வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு மேலே போகும் கரண்ட் கம்பியில் எப்போதும் ஒன்று உட்கார்ந்திருக்கும். நீல முதுகு, வெள்ளை மார்பு, கத்தினால் தெருவுக்கே கேட்கும். வேலைக்காகப் புனே வந்தபிறகு அலுவலக நண்பன் ஒருவன், "மச்சான், சிட்டுக்குருவியை விடச் சின்ன மீன்கொத்தி ஒண்ணு இருக்குடா, காட்டுக்குள்ள அரணை புடிச்சுத் தின்னும்" என்றபோது நான் நம்பவில்லை.

உண்மைதான். இந்தியாவில் உள்ள 12 வகை மீன்கொத்திகளில் ஆகச் சிறியது அது. அலகோடு சேர்த்து அளந்தாலும் 13 செ.மீ.தான். கொங்கணில் ஜூன் மாதம் மழை பிடித்ததும் காட்டு ஓடைகளின் கரைகளுக்கு வந்துவிடும். மண்கரையில் படுக்கைவாட்டில் வளை தோண்டி முட்டையிடும். பூச்சி, சிலந்தி, தவளை, நண்டு, அரணை எல்லாம் தின்னும். பெயரில்தான் மீன்.

பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் படித்தேன். எஞ்சினியர் புத்தி, எல்லாவற்றையும் ஒரு செக்லிஸ்ட் ஆக்கினேன். அலகும் காலும் பவளச் சிவப்பு. வயிறு மஞ்சள். தலை ஆரஞ்சு, அதன்மேல் ஊதாப் பூச்சு. கழுத்தோரம் ஒரு வெள்ளைத் திட்டு. முதுகு கருநீலம். முதுகு செம்பழுப்பாக இருந்தால் அது மலேயா, போர்னியோ பக்கத்து வகை. இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்று பறவையியலாளர்கள் ரொம்ப நாள் வாதாடியிருக்கிறார்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தாம்ஹிணி மலைப்பாதை வழியாக இறங்கினோம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் பிறகு புரியும். ஓடையைக் காட்ட வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'காகா' என்றார்கள். மராத்தியில் சித்தப்பா. நாங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே கூப்பிட்டோம். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறையில் உட்கார வைத்து, "இங்கிருந்து நகராதீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு அவர் மேலே வயலுக்குப் போனார்.

காட்டு நிழலில் என் செக்லிஸ்ட் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த இருட்டில் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றுதான். மூன்று முறை காய்ந்த இலையை ஃபோகஸ் செய்தேன். கடைசியில் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடித்தது. ஊசி மாதிரி மெல்லிய ஒரு 'ட்சீ'. பெரிய வண்டு போல ஏதோ ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்து எதிர்க்கரையில் ஒரு வேரில் உட்கார்ந்தது. வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு, அதில் ஓர் அரணை.

அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் கழுத்தின் வெள்ளைத் திட்டு தெரியவில்லை. ஒரு டிக் பாக்கி. நான் பாறையிலிருந்து இறங்கி, ஓடையைக் கடந்து, அந்தக் கரையிலேயே ஒரு மரத்தை ஒட்டி நின்றேன்.

பறவை பறந்து போகவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டியது. வெள்ளைத் திட்டு, கருநீல முதுகு, எல்லாம் கிடைத்தது. இருபத்தைந்து நிமிடம், இருநூறு படம். "எவ்ளோ நேரமா வாயிலேயே வெச்சிருக்கு, முழுங்கவே மாட்டேங்குதே?" என்று நண்பன் அக்கரையிலிருந்து கேட்டான். "பெரிய அரணைடா, கஷ்டம்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

காகா திரும்பி வந்தவர் திட்டவில்லை. ஓடையைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பாறைக்கு வந்தபிறகுதான் நான் நின்ற இடத்தைக் காட்டினார். என் முழங்கால் உயரத்தில், இரண்டடி தள்ளி, கரையில் ஒரு ஓட்டை. எலுமிச்சம்பழம் நுழையும் அளவு. நாங்கள் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தப் பறவை நேராக அதற்குள் போனது. வெளியே வந்தபோது அலகு காலி.

அன்று ராத்திரி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன்கொத்தி இரையைத் தலைப்பக்கத்திலிருந்துதான் விழுங்கும். தனக்கென்றால் இரையின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும். குஞ்சுக்கென்றால் திருப்பிப் பிடிக்கும், தலை வெளிப்பக்கம், ஊட்டுவதற்கு வாகாக. இது நான் படித்த பக்கங்களிலேயே இருந்தது. இனத்தை அடையாளம் காண உதவாது என்று தாண்டிப் போயிருந்தேன். இருநூறு படத்திலும் அரணையின் தலை வெளிப்பக்கம்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடமாக அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான். நான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படங்களை எங்கும் போடவில்லை. நல்ல படங்கள்தான். போட்டால் முதல் கேள்வி 'எங்க எடுத்தது?' என்றுதான் வரும்.

அடுத்த ஜூலையிலும் போனோம். பாறையை விட்டு எழுந்திருக்கவில்லை. மழை, இருட்டு, பைனாகுலரில் ஈரம். வெள்ளைத் திட்டும் தெரியவில்லை, முதுகின் நிறமும் தெரியவில்லை. ஒரு 'ட்சீ', ஒரு சின்ன நிழல், அலகில் ஏதோ ஒன்று, தலை வெளிப்பக்கம். "கன்ஃபார்மா?" என்றான் நண்பன்.

"வீட்ல குழந்தைங்க இருக்கு, கெளம்பலாம்" என்றேன்.