சின்னக் கியரில் ஒரு புதன்கிழமை

ஜூலை, புதன்கிழமை
பெர்ன்-லே-ஃபோந்தேன், தெற்கு பிரான்ஸ்

காலை 6.15

தெருவுக்குத் தெரு நீரூற்று உள்ள ஊர் இது. விடுதிக்கு எதிரே இருந்ததில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டோம். புதுச்சேரி அண்ணன் மட்டும், 'குடிநீர் அல்ல' என்ற பலகை எங்காவது இருக்கிறதா என்று ஊற்றை ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே பாட்டிலை நீட்டினார். லியோனில் பல வருடம் இருந்தவர். பிரெஞ்சு பேசுவது, பலகை படிப்பது, வழி கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு.

நான்கு பேர். அண்ணன், டாக்டரம்மா, தம்பி, நான். தம்பிக்கு எங்கள் எல்லோரையும்விடப் பத்து வயதாவது குறைவு. மூன்று நாளாக ஒரே பாட்டு: "வான்தூ எப்போ அண்ணே?"

இன்று வான்தூ மலை இல்லை. நெஸ்க் பள்ளத்தாக்கு வழியாக சோ என்ற மலையூருக்கு ஏறி, ஆபெய் கணவாய் வழியாகத் திரும்புகிறோம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

7.45, வீல்-சூர்-ஓசோன்

பிளேன் மரத்து நிழலில், பேக்கரி வாசலில் எழுதுகிறேன். இதுவரை திராட்சைத் தோட்டங்களும் செர்ரி மரங்களும் சமதளமும்தான். பின்னால் வரும் கார்கள் அவசரப்படுவதில்லை. ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் போகவேண்டும் என்பது இங்கே சட்டம். முதல் நாள் இந்த மரியாதையே எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

தம்பி என் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்து, "என்ன அண்ணே, சோத்துத் தட்டு சைஸுக்கு வெச்சிருக்கீங்க?" என்கிறான். என் கடைசிப் பல்சக்கரத்தில் 34 பல், முன்னால் சின்னதிலும் 34. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. இரண்டு மீட்டரும் கொஞ்சமும் நகர்வேன். நிமிடத்துக்கு எழுபது மிதி என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. அவனுடையதில் பின்னால் 28தான்.

பதில் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறார். காலையில் கிளம்பினோமே, அந்தப் பெர்னில்தான் 1853இல் போல் த விவி பிறந்தார். சேன்-எத்தியென் நகரில் பட்டு வியாபாரம் பார்த்தவர், சைக்கிள் மோகத்தில் விழுந்து வியாபாரத்தை விட்டார். 1887இல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கினார். வெலோசியோ என்ற புனைபெயரில்தான் பிரான்ஸ் அவரை அறியும். மலையேற ஒரு கியர், சமதளத்துக்கு ஒரு கியர் என்று அவர் விடாமல் வாதாடினார். டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கோ கியர் மாற்றுவது கிழவர்களின் வேலை. அவருடைய போட்டியில் 1937 வரை டெரெய்லருக்கு, அதாவது ஓட்டிக்கொண்டே கியர் மாற்றும் கருவிக்கு, இடமில்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வெலோசியோ 1930இலேயே டிராம் மோதி இறந்துவிட்டார்.

"அப்ப அவர் ரேஸ்ல ஜெயிச்சாரா?" என்றான் தம்பி. அவர் பந்தயத்துக்காகப் பேசவே இல்லை என்றேன். அவன் குரோசானைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

9.50, பள்ளத்தாக்கின் மேல்விளிம்பு, 734 மீட்டர்

இருபது கிலோமீட்டர் ஏற்றம் என்று கேட்டால் பயம் வரும். ஆனால் நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் உயர்கிறது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். சாலை மலையின் விலாவை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. இடப்பக்கம் பாறைச்சுவர், வலப்பக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. அங்கங்கே பாறையைக் குடைந்து குட்டிச் சுரங்கங்கள். உள்ளே நுழைந்ததும் வியர்வை சில்லிடும், வெளியே வந்ததும் சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும்.

நெஸ்க் ஆறு கண்ணில் படவே இல்லை. இத்தனை ஆழத்துக்கு மலையை அறுத்த ஆறு, கோடையில் பல இடங்களில் வெறும் கல்தடம். சுண்ணாம்புப் பாறை தண்ணீரைக் குடித்துவிடுகிறது. சரிவெல்லாம் இலையுதிராத ஓக்கும் புதரும்தான்.

தம்பி முதல் வளைவிலேயே காணாமல் போனான். பிறகு எதிரே இறங்கி வந்தான், எங்களோடு கொஞ்சம் ஏறினான், மறுபடி பறந்தான். இப்படியே பள்ளத்தாக்கை இரண்டு தரமாவது ஏறியிருப்பான். டாக்டரம்மா எதிர்மாறு. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இறங்கி நின்று பார்த்தார். ஒரு பாறையிடுக்கில் வளர்ந்திருந்த அத்திச் செடிக்குக் கால் மணி நேரம் போனது.

எதிரே ரோஷே து சிர் பாறை செங்குத்தாக நிற்கிறது. அதன் முகத்தில் காட்டுத் தேனீக்கள் கூடு கட்டிய காலம் உண்டாம். பிரொவான்சால் மொழிக் கவிஞர் ஃப்ரெதெரிக் மிஸ்திரால், 1904இல் நோபல் பெற்றவர், தன் 'கலந்தால்' காவியத்தில் இந்தப் பாறையைப் பாடியிருக்கிறார். அந்த வரிகளைப் பொறித்த கல் இங்கே இருக்கிறது. அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பாதி புரியுது, மீதி பிரெஞ்சே இல்ல" என்றார்.

11.30, சோ

புதன்கிழமைச் சந்தை. 1515இலிருந்து நடக்கிறதாம். தேன், நுகா மிட்டாய், ஆட்டுப்பால் சீஸ், பூண்டு மாலைகள்.

ஊர்த் திட்டிலிருந்து கீழே பார்த்தால் லாவண்டர் வயல்கள். சமவெளியில் வரும்போது பார்த்தவை பெரும்பாலும் லாவந்தேன் என்ற கலப்பினம். அது விதை விடாது, வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். அதனால் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. இந்த உயரத்தில் விதையில் முளைத்த அசல் லாவண்டரும் உண்டு. அந்த வயலில் ஒரு செடி குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வெளிர்நீலம், ஒன்று கருநீலம். எண்ணெய் குறைவாகத்தான் கிடைக்கும், விலை அதிகம். புகைப்படத்துக்குக் கலப்பினம்தான் எடுப்பு. எனக்கு இந்த ஒழுங்கில்லாததுதான் பிடித்தது.

சாப்பாடு ஒரு பிரச்சினை. டாக்டரம்மா சைவம். மெனுவில் ஆடு, பன்றி, வாத்து. கடைசியில் பெத்தி எப்போத்ர் என்ற பழங்கோதுமையைக் காய்கறியோடு வேகவைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர் கோதுமைச் சோறு மாதிரி மெல்ல மெல்ல இனித்தது. வெலோசியோவும் சைவம்தான், பயணத்தில் இறைச்சியும் வேண்டாம் மதுவும் வேண்டாம் என்பார் என்று சொன்னேன். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் தன் ஒயின் கோப்பையை மெனு அட்டைக்குப் பின்னால் நகர்த்தினார்.

வடமேற்கே வான்தூ. உச்சி வெள்ளையாக இருக்கிறது. பனியில்லை, மொட்டைச் சுண்ணாம்புக்கல். துலோன் துறைமுகத்தில் கப்பல் கட்ட இந்த மலையின் மரங்களை நூற்றாண்டுக் கணக்கில் வெட்டினார்கள். சரிவுகளில் மறுபடி மரம் நட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1967 ஜூலை 13 அன்று அந்த மொட்டைச் சரிவில்தான் டூர் டி பிரான்ஸ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். கொளுத்தும் வெயில், உடம்பில் ஆம்பெடமின் மாத்திரை, மது. "உடம்பு நிறுத்துன்னு சொல்றதை மாத்திரை மறைச்சிடும்" என்றார் டாக்டரம்மா. தம்பி அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வான்தூ பேச்செடுக்கவில்லை.

மாலை 7, பெர்ன்

வெயில் தாழட்டும் என்று நாலு மணிக்குக் கிளம்பினோம். ஆபெய் கணவாய், 996 மீட்டர். காலை ஏற்றத்தைவிடக் குட்டைதான், ஆனால் நிழல் குறைவு, தார் கொதித்தது. 34க்கு 34இல் போட்டுக்கொண்டு மிதித்தேன். கண்ணுக்கு முன்னால் தம்பி எழுந்து நின்று, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஏறிக்கொண்டிருந்தான். கணவாயில் அவன் வெகுநேரம் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். இறக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிரேக் பிடித்த விரல்கள் இன்னும் வலிக்கின்றன.

இரவு 9.30

நாளைக்கு வான்தூவா என்று ஓட்டெடுப்பு. இரண்டுக்கு இரண்டு. தம்பிக்கு பெதுவேன் ஊரிலிருந்து ஏறவேண்டும், அதுதான் செங்குத்து. அண்ணன் அவனோடு போவதாகச் சொல்லி எல்லோரையும் ஆச்சரியப்படுத்தினார். போகத்தான் போகிறோம் என்றால் டாக்டரம்மாவும் நானும் வேனில் சோ வரைக்கும் போய், அங்கிருந்து நீளமான, சாய்வு குறைந்த சாலையில் ஏறுவோம் என்று பேரம் படிந்தது. இரண்டு சாலையும் உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் கீழே, ஷாலே ரெய்னாரில் சேர்கின்றன. யார் முதலில் வந்தாலும் மற்றவர்களுக்காக அங்கே காத்திருக்கவேண்டும். காப்பிக் காசு கடைசியில் வருகிறவர் கொடுக்கவேண்டும் என்கிறான் தம்பி. முதலில் வருகிறவர் கொடுக்கட்டும் என்று நானும் டாக்டரம்மாவும் சொல்லிவிட்டோம்.