அம்மாவின் மூச்சும் ஒரு துளி சோப்பும்

ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஆராய்ச்சி பண்றேங்கிறியே, அங்கே என்னதான் வேலை?" நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "சோப்பு போடுற வேலை." "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று பெரியம்மா சிரிப்பார். ஆனால் நான் சொல்வது பொய்யில்லை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதில் சில புரதங்கள் பாதி புதைந்து நிற்கும். வெளியே வரும் செய்தியை உள்ளே சொல்லும் வாசல் மணிகள் அவை. அம்மாவுக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா. அவர் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால், மூச்சுக்குழல் தசையில் இருக்கும் 'பீட்டா 2' என்ற மணியைத்தான் அழுத்துகிறது. உடனே இறுகிய தசை தளர்கிறது. நான் ஆராய்வது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தை.

இதன் உருவத்தைப் பார்க்க, கொழுப்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அங்கேதான் சோப்பு வருகிறது. சோப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும், வால் எண்ணெயோடு சேரும். வால்கள் புரதத்தின் இடுப்பைச் சுற்றிப் பாவாடைபோல நின்றுகொள்ள, புரதம் தண்ணீரில் மிதக்கும்.

எந்த சோப்பும் இதற்கு ஆகுமா? ஆகாது. பல பற்பசைகளில் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு 12 கார்பன் கொண்ட வால், மின்னேற்றம் உள்ள தலை. அது புரதத்தை வெளியே எடுக்கும், கூடவே அதன் மடிப்பையும் பின்னலை அவிழ்ப்பதுபோல அவிழ்த்துவிடும். வாலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி, முளைகட்டிய தானியத்தில் உண்டாகும் மால்ட்டோஸ் சர்க்கரையை வைத்தால், அதுவே மென்மையான சோப்பாகிவிடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தினமும் புழங்குவது அதுதான்.

அதிலும் சில புரதங்கள் ஓரிரு நாளில் துவண்டுவிடும். 2010ல் பில் சியோக் சே, சாமுவேல் கெல்மன் ஆகியோர் இரண்டு வால், இரண்டு சர்க்கரைத் தலை கொண்ட புதுவகை சோப்புகளை வடிவமைத்தார்கள். இவை புரதத்தைப் பிடித்தால் லேசில் விடாது. அடுத்த ஆண்டே பிரையன் கோபில்காவின் குழு இந்த வகை சோப்பின் துணையோடு, பீட்டா 2 புரதம் செல்லுக்குள் செய்தி சொல்லும் நிலையைப் படம் பிடித்தது. 2012ல் அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

என் வேலை இவ்வளவு பெரிதல்ல. 4 டிகிரி குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு சோப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். காலையில் குழாய் திரிந்த பால்போலக் கலங்கியிருந்தால் அந்தப் புரதம் போச்சு. தெளிவாக இருந்தால் மருந்தைக் கொடுத்து, இன்னும் பிடித்துக்கொள்கிறதா என்று சோதிப்பேன்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி, இருமல் அடங்கியதும் அம்மா கேட்டார். "உன் சோப்பால எனக்கு மூச்சு சரியாயிடுமா?"

"இல்லைம்மா. ஆனா மருந்து போய் உட்கார்ற இடம் எப்படி இருக்குன்னு தெரியும். அளவு தெரிஞ்சாத்தானே அடுத்த மருந்தைத் தைக்க முடியும்?"

அம்மா முப்பது வருடமாக ஜாக்கெட் தைப்பவர். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அளவு எடுக்கிற வரைக்கும் ஆள் ஆடாம நிக்கணும். அதுக்குத்தானே சோப்பு?" என்றார். என் ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இப்போது என் குழாயில் இருக்கும் புரதம் மூன்று நாளாக ஆடாமல் நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் நின்றால் போதும், அளவெடுக்க ஆரம்பித்துவிடலாம்.